காய்க்காதவை என்று எழுதப்பட்ட மரங்கள்

"சொன்னதை ஏன் செய்யவில்லை?" நான்கு வருடம் இந்த ஒரு கேள்வியைத்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் பழப்பயிர்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டம். அதில் எனக்கு ஒப்பந்த வேலை. மாமரத்தை எப்போது கவாத்து செய்வது, பழ ஈக்கு எப்படிப் பொறி கட்டுவது, உதிர்ந்த காயை ஏன் பொறுக்கிப் புதைக்க வேண்டும் என்றெல்லாம் விஞ்ஞானிகள் பரிந்துரைகள் எழுதி, வண்ணப் படங்களோடு கன்னடத்தில் புத்தகமாகவே கொடுத்திருந்தார்கள். ஆனாலும் தோட்டக்காரர்கள் பலர் எதையும் செய்யவில்லை. ஏன் என்று ஒவ்வொருவரையும் கேட்டு நான் படிவம் நிரப்ப வேண்டும். காரணங்களுக்கு எண்கள் உண்டு. ஒன்று, தெரியாது. இரண்டு, செலவு. மூன்று, ஆள் கிடைக்கவில்லை. நான்கு, நம்பிக்கை இல்லை. எதிலும் அடங்காவிட்டால் ஐந்து, மற்றவை. 'மற்றவை' நிறைய வந்தால் எங்கள் திட்டத் தலைவர் முகம் சுளிப்பார். நான் சரியாகக் கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்தோம். ஹொசகோட்டைப் பக்கம் போக வேண்டுமென்றால் எதிர்த்திசையில் சிவாஜிநகர் வரை போய்த்தான் பஸ் ஏறுவேன். அங்கே ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். இறங்கி இன்னொரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு நடை. வெயில் ஏறுவதற்குள் இரண்டு தோட்டம் முடித்துவிட்டால் அன்று நல்ல நாள்.

அந்தத் தோட்டத்துக்கு நான் போனது அப்படி ஒரு நல்ல நாளின் மூன்றாவது தோட்டமாக. பாதாமியும் ரசபுரியுமாக முப்பத்திரண்டு மாமரங்கள். எல்லாம் வயதானவை. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உச்சிப் பொழுதிலும் உள்ளே இருட்டாக இருந்தது. மேலே எட்டாத உயரத்தில்தான் கொஞ்சம் காய்க்கும். அதில் பாதியைப் பூச்சி தின்னும்.

வீட்டுக்காரர் வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து என் கேள்விகளுக்குக் கன்னடத்தில் பதில் சொன்னார். ஒல்லியான மனிதர், அறுபதை நெருங்கிய வயது. அவர் மனைவி பின்னால் நின்று மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"பயிற்சி வகுப்புக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேனே. ரெண்டு தடவை."

பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. "பொய் சொல்லாதய்யா. ஒரு தடவை போன. அதுவும் சாப்பாடு போட்டாங்கன்னு போன. அந்தப் பொண்ணு பாவம், எழுதிக்கினு போய் எங்க மாட்டிக்குமோ."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் தவிட்டுக் கையோடு திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தமிளு வருமா?"

"வீட்ல தமிழ்தான்க்கா."

அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனவர் மோரோடு வந்தார். அந்தப் பக்கம் பல தலைமுறையாகத் தோட்ட வேலை செய்து வரும் சில குடும்பங்கள் வீட்டுக்குள் ஒரு தமிழ் பேசுவார்கள். பாதி கன்னடம் கலந்த தமிழ், எழுத்தில் இல்லாத தமிழ். வெளி ஆளிடம் பேசமாட்டார்கள், சிரிப்பார்களோ என்று. என்னிடம் அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை.

முக்கியமான கேள்விக்கு வந்தேன். வயதான மரங்களின் பெருங்கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் துளிர் விட்டு மூன்றாம் வருடத்திலிருந்து நன்றாகக் காய்க்கும் என்பது பரிந்துரை. அதை ஏன் செய்யவில்லை?

"கொத்தில்லம்மா" என்றார் அவர். தெரியாதாம். நான் ஒன்று என்று எழுதப்போனேன்.

"தெரியாம இல்ல" என்றார் அக்கா. "புஸ்தகம் அந்தா மாடத்துல கீது. இஸ்கூல் பிள்ளைங்கள வச்சுப் படிக்கச் சொல்லி நான் கேட்டுகினேன். தெரியும். பயம்."

"என்ன பயம்க்கா?"

"முன்னே ஒரு தடவை ஆபீஸ்காரங்க திராட்சை போடுன்னாங்க. போட்டோம். பந்தலு கட்டி, கொடி ஏறி, ரெண்டு வருசம் நல்லா வந்துச்சு. அப்பறம் போர்ல தண்ணி நின்னுபோச்சு. சொன்னவங்க ஒருத்தரும் திரும்பி வந்து பாக்கல. அப்போ இந்த மரங்கதான் எங்களக் காப்பாத்துச்சு. இப்போ இதையே வெட்டுன்னா?"

பயத்துக்கு எண் இல்லை. நான்கு என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. காரணம் எழுதினால் மட்டும் போதாது, சில தோட்டங்களில் செய்துகாட்டவும் வேண்டும் என்றார்கள். சம்மதிக்கிற விவசாயியைக் கண்டுபிடிப்பதும் எங்கள் பொறுப்பு. யாரும் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பந்தம் நீளுமா என்பது சந்தேகம் என்றும் காதில் விழுந்தது. நான் நேராக அந்த அக்காவிடம்தான் போனேன். அவர் மேல் பிரியம் இருந்தது உண்மை. என் வேலை பற்றிய கவலை இருந்ததும் உண்மை. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நாலைந்து தடவை போயிருப்பேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம், முதலில் பாதி, அது துளிர்த்த பிறகு மீதி என்று விஞ்ஞானி சொன்னதை விளக்கினேன். வேறு ஊரில் துளிர்த்த மரங்களின் படங்களைப் போனில் காட்டினேன். அவர் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெட்டின இடம், துளிர் கிளம்பும் இடம், எத்தனை துளிர் விட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் நான் கவனிக்காததைக் கேட்டார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"இது உங்க மரமா இருந்தா நீ வெட்டுவியா?"

"வெட்டுவேன்க்கா" என்றேன், யோசிக்காமல். எங்கள் வீட்டில் பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடிதான் இருந்தது.

மார்கழியில் பதினாறு மரங்களை வெட்டினார்கள். மெஷின் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொரு கிளை விழும்போதும் தரை அதிர்ந்தது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். அக்கா நகரவில்லை. வெட்டின ஒவ்வொரு முனையிலும் ஏணி வைத்து ஏறி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தானே பூசினார். நீலக் கையோடு இறங்கி வந்தவர் திரும்பிப் பார்த்து, "ஊடு இவ்ளோ கிட்ட கீதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அதுவரை மரங்கள் மறைத்திருந்த வீடு மொட்டையாகத் தெரிந்தது. நான் சொன்னது தப்பாகிப் போனால்?

ஆகவில்லை. மழைக்கு முன்பே துளிர் விட்டது. கொத்துக் கொத்தாகச் செம்புநிறத் துளிர். அதில் நல்லதாகச் சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கிள்ள வேண்டும். எதை விடுவது என்று விஞ்ஞானி சொல்லிக்கொடுக்க வந்தார். அவர் சொல்வதற்குள் அக்கா முடித்துவிட்டிருந்தார். வெளிப்பக்கம் சாய்கிறதை வைத்திருந்தார், உள்ளே முட்டுவதை எடுத்திருந்தார். விஞ்ஞானி மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யார் செஞ்சது?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சற்றும் தயங்காமல் மனைவியைக் காட்டினார்.

அந்த மழைக்காலம் முடிகையில் அங்கே வயல் விழா வைத்தோம். சுற்று வட்டாரத்திலிருந்து நாற்பது பேர் வந்தார்கள், எல்லோரும் ஆண்கள். அதுவரை எந்தப் பயிற்சிக்கும் பெண்களை யாரும் கூப்பிட்டதில்லை. நானே என் படிவங்களில் 'விவசாயி' என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அன்று மைக்கை அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். பிறகு மரத்தைத் தொட்டுக்கொண்டு கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எங்கே வெட்டினேன், எப்போது பயந்தேன், தண்டு துளைக்கிற புழு வந்தபோது கம்பியால் எப்படிக் குத்தி எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு பெரியவர், "வருமானத்துக்கு என்னம்மா பண்ணின?" என்று கேட்டார். "வெயிலு வந்துச்சே கீழே. அவரை போட்டேன், ராகி போட்டேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் "நம்ம ஊட்டுக்காரிதான்" என்று இரண்டு முறை சொன்னதை நான் கேட்டேன். அதைவிட மகிழ்ச்சியான நாளை அந்த வேலையில் நான் பார்க்கவில்லை.

அந்த உற்சாகத்தில், அடுத்த மார்கழியில் மீதிப் பதினாறையும் வெட்டினார்கள். இந்தத் தடவை நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அவர்களே வெட்டினார்கள்.

மூன்று மாதத்தில் திட்டம் முடிந்தது. எங்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அச்சான அறிக்கையில் ஒரு பிரதி எனக்கும் வந்தது. பரிந்துரைகளை ஏற்றவர்கள் பட்டியலில் அந்தத் தோட்டமும் ஓர் இலக்கமாக இருந்தது. ஏற்பதற்கு உதவும் காரணிகள் என்று கல்வி, நில அளவு, அதிகாரிகளோடு தொடர்பு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடம் போனதே இல்லை.

எனக்கு ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே வேலை நேரத்தில் போனை டிராயரில் போட்டுவிட வேண்டும். முதலில் அக்காவோடு வாரம் ஒரு முறை பேசினேன். பிறகு மாதம் ஒரு முறை. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, வீடு மாற்றம் என்று ஏதேதோ வந்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் இருந்ததில், பேசவே கூச்சமாகிவிட்டது.

மழை விட்ட ஒரு நாள், மத்தியானம் டிராயரைத் திறந்தால் அக்காவிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும், ஏன் வரலைன்னு கேப்பாங்க, ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம் என்று தோன்றியது. நான்காம் நாள்தான் கூப்பிட்டேன்.

"ஆயிப்போச்சு, உடும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

புதிய சாலை ஒன்று வருகிறது, அதில் அவர்கள் தோட்டம் முழுவதும் போகிறது. பேச்சு ஒரு வருடமாகவே இருந்ததாம், யாரும் நம்பவில்லை. நான் போனை எடுக்காத அந்த நாளில் அளவெடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். நிலத்தை அளந்துவிட்டு மரங்களை எண்ணினார்கள். நஷ்டஈட்டில் காய்க்கிற மரத்துக்கு ஒரு கணக்கு, காய்க்காத மரத்துக்கு மிகக் குறைந்த வேறு கணக்கு. வந்தவர் மரங்களைப் பார்த்தார். பாதி, இலை மட்டும் விட்ட சின்னத் தலைகள். பாதி, மொட்டை முண்டங்களில் நாலு துளிர்.

"இந்த வருசம் காய்ச்சுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல சார். வெட்டி விட்டிருக்கோம். ஆபீஸ்லயே சொல்லி வெட்டினோம். அடுத்த வருசம் காய்க்கும்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். வயல் விழா போட்டோவைக் காட்டியிருக்கிறார்.

"அம்மா, நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும். அடுத்த வருசத்துக்கு இதுல இடம் இல்ல."

முப்பத்திரண்டு மரம், காய்க்காதவை என்று எழுதினார்கள்.

"நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லுவன்னு போன் பண்ணேன்" என்றார் அக்கா. "உனக்குத்தான் அவங்க பேசற மாதிரி பேச வரும். நீயும் அப்படித்தானே ஃபாரத்த வச்சுகினு எழுதிகினு வருவ."

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாப்ட்டு போம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் ஓடினேன். வேறு என்ன செய்வது? பழைய திட்டத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் வீட்டுக்குப் போய், மரங்கள் பரிந்துரைப்படி வெட்டப்பட்டவை, நோயில்லாதவை, விரைவில் காய்க்கக்கூடியவை என்று கடிதம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். ஆனால் தான் இப்போது பொறுப்பில் இல்லை, அலுவலகம்தான் தர வேண்டும் என்றார். அலுவலகத்தில், முடிந்த திட்டத்தின் கோப்பு எங்கே என்று தேடவே இரண்டு வாரம் ஆனது. கடிதம் கையில் கிடைத்தபோது ஆட்சேபம் சொல்லும் கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அக்காவும் நானும் அதை நிலம் எடுக்கும் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்டு நகலும் கொடுத்தார்கள். "கோப்புல சேத்துக்கறோம்" என்றார்கள். மூன்று தடவை போனோம். மூன்றாம் தடவை அக்கா வெளியே வந்து, "ஹோக்லி பிடு. இனிமே உன் லீவ வீணாக்காத" என்றார். போகட்டும் விடு என்று அவர் சொன்ன பிறகு எனக்கு வற்புறுத்தத் தெரியவில்லை.

தை மாதத்தில், முதலில் வெட்டின பதினாறு மரங்களும் பூத்தன. அக்கா போனில் சொன்னார், நான் போய்ப் பார்த்தேன். ஒரு மரம்கூட மீதியில்லாமல் கிளை நுனியெல்லாம் பூ. தேனீ இரைச்சல் வாசல் வரை கேட்டது. அந்தக் கோடையில் காய்த்தது, கையெட்டும் உயரத்தில், பூச்சி இல்லாமல். அக்கா, அளவெடுத்த அதிகாரிக்குப் போன் செய்து வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்றாராம், வரவில்லை. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மரங்களைச் சுற்றி வந்து, வெட்டின இடங்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் தோட்டத்திலும் வெட்டுவதாக இருந்தவர்கள். பிறகு வெட்டவில்லை. இப்போது யாராவது போய் ஏன் என்று கேட்டால் என்ன எண் எழுதிக்கொண்டு வருவார்களோ.

ஆனி பிறந்ததும் மண் அள்ளும் வண்டி வந்தது. அன்று நான் போகவில்லை. லீவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவு இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் ஹொசகோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனார்கள். மாட்டை விற்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் வெளியே போவது நின்றுபோனது. காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் மறுபடி கழற்றுவாராம். ஒரு வருடம் அப்படி இருந்து, காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து, இறந்துபோனார். எனக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் அக்காவைப் பார்த்தேன். ஒயிட்பீல்டு பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலை செய்கிறார். பச்சைச் சீருடை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். உள்ளே அலங்காரச் செடிகளை மட்டும் வைத்திருக்கிறார்கள், காய்க்கிற மரம் வேண்டாமாம், தரை அழுக்காகுமாம் என்று சொல்லிச் சிரித்தார்.

பல வருடமாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னேன். "நான் வந்து வெட்டச் சொல்லாம இருந்திருந்தா மரமெல்லாம் காய்க்கிற மரம்னு எழுதியிருப்பாங்கக்கா."

அவர் டப்பாவை மூடினார்.

"நீ சொன்னன்னு நான் வெட்டலம்மா. அந்தப் புஸ்தகத்தக் கேட்டதுலேர்ந்தே வெட்டிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. அவருகிட்ட சொல்ல பயம். நீ வந்த, தைரியம் வந்துச்சு. அந்த ஒரு வருசம் காய்ச்சதப் பாத்தேனே, அது போதும். அத நான் குத்தம் சொல்லமாட்டேன்."

நான் அழத் தொடங்கியிருந்தேன். அவர் என் முதுகில் கை வைத்தார். கையை எடுக்காமலே சொன்னார்.

"ஆனா அன்னிக்கு நீ போன எடுத்திருக்கணும்."

"ஆமாக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டார். அக்கா எழுந்து, கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, கேட்டுக்குள் போனார்.